செப்சிஸில் சோடியம் தப்பினால்: எந்த பாட்டில், எவ்வளவு வேகம்

"உப்பு கம்மியா கீதுன்றீங்க. அப்ப உப்பத்தான சார் ஏத்தணும்? இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க?"

ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியு வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை பார்ப்பவர். உள்ளே அவருடைய அம்மா. வயது 62, எடை ஐம்பது கிலோ இருக்கும். பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நாலு நாளாகக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. சூடு தணியட்டும் என்று இளநீரும் உப்பில்லாத கஞ்சித் தண்ணியுமாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது பிரஷர் 80/50. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், மறுபடி மூடிக்கொள்வார். சிறுநீர்த் தொற்று ரத்தத்துக்குப் பரவிய செப்சிஸ். சோடியம் 114.

நியாயமான கேள்விதான். நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அந்த நாலு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்: அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்த வழிகள், அவற்றில் எதை எடுத்தோம், எதை ஏன் தள்ளினோம்.

முதலில் அந்த 114. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 125க்குக் கீழே போனால் கடுமையான இறக்கம். ஆனால் உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. உப்புக்குத் தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பிரஷர் விழுந்ததும் மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகம் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து உள்ளே போவதெல்லாம் உப்பில்லாத தண்ணீராக இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். (இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் சொற்பம்.) இந்த அம்மாவுக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. பிரஷர் மாத்திரையிலேயே ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்திருந்தது. அது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சிறுநீரில் இழுத்துவிடும். பொட்டாசியம் 2.9தான் இருந்தது.

சர்க்கரை 280. இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சர்க்கரை நூறுக்கு மேல் ஒவ்வொரு நூறு கூடும்போதும், செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியே வந்து சோடியத்தைச் சுமார் 1.6 இறக்கிக் காட்டும். அப்படிப் பார்த்தால் இவருடைய 114 உண்மையில் 117 மாதிரி. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் சர்க்கரை 600 இருக்கிறவரிடம் இந்தக் கணக்கைப் போடாமல் மூன்று சதவீத உப்புக் கரைசலை மாட்டிவிட்டால் வம்பு.

ஏன் வேகமாக ஏற்றக்கூடாது என்பதை விளக்க எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. "கருவாடு போடுறப்போ மீன் மேல உப்ப அள்ளிப் போட்டா இன்னா ஆவும்?" என்று அவரிடம் கேட்டேன். "தண்ணி வுடும், சுருங்கிடும்" என்றார். மூளை செல்லும் அப்படித்தான். வெளியே உப்பு குறைந்தபோது தண்ணீர் உள்ளே போய் அது வீங்கப் பார்க்கும். இரண்டு நாளில் தன்னிடம் இருந்த சில சரக்குகளை வெளியே தள்ளிவிட்டு ஒரு மாதிரி சமாளித்துக்கொள்ளும். சமாளித்து முடித்தபிறகு நாம் போய் மளமளவென்று உப்பை ஏற்றினால், சுருங்கும். மூளைத்தண்டுப் பகுதியில் நரம்பின் மேலுறை உரிந்துபோகும். ஆஸ்மோட்டிக் டிமைலினேஷன் என்று இதற்குப் பெயர். 1959இலேயே குடிப்பழக்கமும் ஊட்டக்குறைவும் உள்ளவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். வேகமாகச் சோடியம் ஏற்றுவதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, சோடியம் தப்பினால் செப்சிஸ் நோயாளிக்கு என்ன ஆகிறது? ஆஸ்திரியாவில் 77 ஐசியுக்களில் பத்து வருடம் சேர்ந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு 2010இல் வந்தது. சேரும்போதே சோடியம் சரியாக இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர். மீதிக் கால்வாசியில் சோடியம் குறைந்தவர்களும் கூடியவர்களும் அதிகமாக இறந்தார்கள். எண் தள்ளிப்போகப் போக இறப்பும் கூடியது. செப்சிஸ் நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் படம் இதேதான்: நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் மேடு. எண் ஒரே இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறவர்களுக்கும் நிலைமை மோசம்.

இதில் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். சோடியம் குறைந்ததால் இறந்தார்களா, இறக்கிற அளவுக்கு நோய் முற்றியதால் சோடியம் குறைந்ததா? பெரும்பாலும் இரண்டாவது என்றே நினைக்கிறேன். ஈரல் கெட்டவர், இதயம் தளர்ந்தவர், நிமோனியா முற்றியவர் எல்லோருக்கும் சோடியம் இறங்கத்தான் செய்யும். அதை ஏற்றிவிட்டால் மட்டும் நோய் ஏறி வந்துவிடாது. கூடிய சோடியம் வேறு கதை. வீட்டிலிருந்து சோடியம் 155ஓடு வருபவர் படுக்கையில் கிடக்கும் முதியவராக இருப்பார், தண்ணீர் கேட்க முடியாதவராக. ஆனால் 138ஓடு உள்ளே வந்து, ஆறாம் நாள் 155 ஆனவர்? அது எங்கள் கைவேலை. நான் சொல்ல வருவது அதுதான்: சோடியம் இறங்குவது பெரும்பாலும் நோயின் வேலை, ஐசியுவில் ஏறிக் கிடப்பது பெரும்பாலும் எங்கள் வேலை. எந்த பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அந்த இரவுக்கு வருவோம். ஷாக் (பிரஷர் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலை), கூடவே 114. எதை மாட்டுவது?

வார்டில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது என்.எஸ்., அதாவது நார்மல் சலைன். பெயரில்தான் நார்மல். லிட்டருக்கு 154 சோடியம், அதே 154 குளோரைடு; அதாவது லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு மனிதனுக்கு நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அடுத்தது ஆர்.எல்., ரிங்கர் லாக்டேட்: சோடியம் 130, குளோரைடு 109, பொட்டாசியம் 4. மூன்றாவது மூன்று சதவீத உப்புக் கரைசல்: சோடியம் 513. இன்னும் சிலர் டி.என்.எஸ். மாட்டுவார்கள். சர்க்கரையும் சலைனும் கலந்தது. சர்க்கரை 280 இருக்கிற அம்மாவுக்கு அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஆர்.எல்.ல சோடியம் கம்மி சார், ஏற்கெனவே கம்மியா இருக்கிறவங்களுக்கு எப்படிக் கொடுக்கிறது?" என்று டூட்டி டாக்டர் கேட்டார். நானும் படிக்கிற காலத்தில் இதையே நம்பிக்கொண்டிருந்தேன். 140 உள்ளவருக்கு ஆர்.எல். கொஞ்சம் இறக்கும், உண்மை. ஆனால் நோயாளி நிற்பது 114இல். பாட்டிலில் இருப்பது 130. மேலேதான் ஏற்றும். அட்ரோகே, மாடியாஸ் என்ற இருவர் 2000இல் கொடுத்த எளிய சூத்திரம் இன்றும் கையில் இருக்கிறது: பாட்டிலின் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கூட்டி, நோயாளியின் சோடியத்தைக் கழித்து, உடம்பிலுள்ள தண்ணீர் லிட்டரோடு ஒன்றைக் கூட்டி வகுத்தால், ஒரு லிட்டர் ஏற்றினால் சோடியம் எவ்வளவு கூடும் என்று வரும். வயதான, ஐம்பது கிலோப் பெண்ணுக்கு உடம்புத் தண்ணீர் 22.5 லிட்டர் என்று வையுங்கள். ஒரு லிட்டர் ஆர்.எல். சோடியத்தை 0.85 ஏற்றும். ஒரு லிட்டர் என்.எஸ். 1.7 ஏற்றும். மூன்று சதவீதக் கரைசலில் வெறும் 100 மில்லியே 1.7 ஏற்றிவிடும்.

இதே கணக்கில் பலர் விடுகிற ஓட்டை ஒன்று உண்டு. பொட்டாசியம் 2.9 என்று 40 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு ஏற்றுகிறோம் இல்லையா? அது செல்லுக்குள் போகும், பதிலுக்குச் சோடியம் வெளியே வரும். சோடியம் கிட்டத்தட்ட 1.7 கூடும். ஒரு லிட்டர் சலைன் மாட்டியதற்குச் சமம். யாரும் அதைச் சோடியம் கணக்கில் எழுதுவதில்லை. பொட்டாசியம் குறைந்தவர்களுக்குத்தான் நரம்புறை உரியும் ஆபத்தும் அதிகம் என்பது இன்னொரு கொடுமை.

எண்களை விட்டுவிட்டு, உயிரோடு இருப்பதை வைத்து என்.எஸ்., ஆர்.எல். இரண்டையும் ஒப்பிட்டால்? 2018இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட்டில் 15,802 ஐசியு நோயாளிகளிடம் நடந்த ஸ்மார்ட் ஆய்வில், சாவு, டயாலிசிஸ், தேறாத சிறுநீரகக் கோளாறு மூன்றையும் சேர்த்து சலைன் பக்கம் 15.4 சதவீதம், ஆர்.எல். போன்ற சமநிலைக் கரைசல் பக்கம் 14.3 சதவீதம். அதிலிருந்த செப்சிஸ் நோயாளிகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது 30 நாளுக்குள் இறந்தவர்கள் 29.4க்கு 25.2 சதவீதம். பிறகு பிரேசிலில் பேசிக்ஸ் (2021), ஆஸ்திரேலியா–நியூசிலாந்தில் பிளஸ் (2022) என்று இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் 90 நாள் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. பிளஸ் ஆய்வில் 21.8க்கு 22.0. தலையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் பேசிக்ஸில் சமநிலைக் கரைசல் பக்கம் இறப்பு கூடியிருந்தது. ஆக, சலைன் விஷமும் இல்லை, ஆர்.எல். அமிர்தமும் இல்லை. 2021இன் சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டி சமநிலைக் கரைசலைப் பரிந்துரைக்கிறது, ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பதையும் அதே தொனியில்தான் சொல்கிறது.

நான் ஆர்.எல். எடுத்தேன். பிரஷரை ஏற்றும் வேலையை இரண்டும் ஒரே மாதிரிச் செய்யும். ஆனால் ஆர்.எல். சோடியத்தை மெதுவாக ஏற்றும், குளோரைடு சுமை குறைவு. தலையில் அடி இருந்திருந்தால் சலைன் எடுத்திருப்பேன். 1500 மில்லி, முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், பிரஷருக்கு நார்அட்ரினலின். சோடியத்தை விட அவசரமானவை இவை. ஐசியுவில் சோடியத்தையே பார்த்துக்கொண்டிருந்து ஆன்டிபயாடிக்கைத் தாமதித்த கதைகளும் உண்டு.

மூன்று சதவீதக் கரைசலை பெட் பக்கத்தில் எடுத்து வைத்தோம், மாட்டவில்லை. வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டும் விழிக்காவிட்டாலோ, மயக்கத்தோடு வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காமல் மாட்ட வேண்டியது அதுதான். ஐரோப்பிய வழிகாட்டி 150 மில்லியை இருபது நிமிடத்தில் போடச் சொல்கிறது. மூளை வீக்கம் தணிய சோடியம் 4 முதல் 6 கூடினாலே போதும். கழுத்து லைன் போட்டபிறகுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கையில் நல்ல நரம்பு கிடைத்தால் அதிலேயே கொடுக்கலாம். 2021இல் கொரியாவில் 178 பேரிடம் நடந்த ஆய்வில் துளித்துளியாக ஓடவிட்டதையும், அவ்வப்போது சிறு அளவாகப் போட்டதையும் ஒப்பிட்டார்கள். அளவு மீறி ஏறியது ஒரு பக்கம் 24 சதவீதம், மறுபக்கம் 17 சதவீதம். புள்ளியியலில் அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிறு அளவாகப் போட்டவர்களில் ஏறியதைத் திருப்பி இறக்க வேண்டிய தேவை குறைவாக இருந்தது. ஓடவிட்டுவிட்டு மறந்துபோகும் மனித சுபாவத்தை நினைத்தால் எனக்குச் சிறு அளவுதான் சரி.

தண்ணீரைக் குறைப்பது ஷாக் இருக்கும்போது வழியே இல்லை. தண்ணீரை மட்டும் சிறுநீரில் வெளியேற்றும் டோல்வாப்டான் மாத்திரையும் இல்லை. வாயில் உப்பு கேப்சூல், உப்புக் கஞ்சி எல்லாம் மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சுக்குழலில் போகும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

மழைக்காலத்தில் வேறொரு ரகம் வரும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் முட்டளவு தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல். அதில் சிறுநீரகக் குழாய்களே பழுதாகி, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இறங்கும், சிறுநீர் மட்டும் தாராளமாகப் போகும். அங்கே ஆர்.எல்.லும் பொட்டாசியமும் என்று முடிவெடுப்பது சுலபம். நிமோனியாவோடு வந்து, ஷாக் தெளிந்தபிறகும் 122இலேயே நிற்பவர்தான் ஏமாற்றுவார். அவருக்குச் சலைன் மேல் சலைன் ஏற்றினால், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். சோடியம் இன்னும் இறங்கும். அங்கே பாட்டிலைக் கழற்றுவதுதான் சிகிச்சை.

எந்த பாட்டில் என்பதைவிட, எப்போது திரும்பப் பார்ப்போம் என்பது பெரிய முடிவு. இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஒரு மருத்துவமனையில், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர். குடிப்பழக்கம், சரியான சாப்பாடு இல்லை, காலில் சீழ், சோடியம் 109. சலைன் ஏற்றினோம். பிரஷர் தெளிந்தது, சிறுநீர் பை மூன்று முறை நிறைந்தது. மறுநாள் சாயங்காலம் 127. நன்றாகப் பேசினார், டீ கேட்டார். எங்களுக்கு ஏக சந்தோஷம். ஐந்தாம் நாள் பேச்சு குழறியது. ஆறாம் நாள் விழுங்க முடியவில்லை. ராத்திரி முழுக்க மணிக்கு 300 மில்லி சிறுநீர் போனது என்று நர்ஸ் சார்ட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். படிக்க வேண்டியவன் நான். சோடியம் காலையில் ஒரு முறைதான் அனுப்பப்பட்டது, அதுதான் அங்கே வழக்கம்.

நடந்தது இதுதான்: ரத்தம் நிரம்பியதும் வாசோபிரெசின் நின்றுவிட்டது. பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் சிறுநீரகம் ஒரேயடியாகத் திறந்துவிட்டது. சோடியத்தை ஏற்றியது எங்கள் பாட்டில் இல்லை, அவருடைய சிறுநீரகம். சூத்திரத்துக்கு இது தெரியாது. சிறுநீர் பைக்குத் தெரியும், லேபுக்கு முன்பாகவே தெரியும்.

அதனால் இந்த அம்மாவுக்கு முதலில் இரண்டு மணி நேரத்தில், பிறகு நாலு மணிக்கொரு தரம் சோடியம். 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஏறக்கூடாது என்று போர்டில் எழுதி வைத்தோம். விடியற்காலை பிரஷர் நிமிர்ந்ததும் எதிர்பார்த்தபடியே சிறுநீர் கொட்ட ஆரம்பித்தது. மதியம் இரண்டுக்கு 121. பன்னிரண்டு மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட ஒரு நாள் பங்கு முடிந்துவிட்டது. உடனே ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (உப்பில்லாத சர்க்கரைத் தண்ணீர்) மணிக்கு 150 மில்லி, இன்சுலின் துணையோடு. கூடவே, வாசோபிரெசின் போலவே சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டெஸ்மோபிரெசின் 2 மைக்ரோகிராம். இறங்கிய சோடியத்தை ஏற்ற வந்தவர்கள் இப்போது அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தோம். மகன் எட்டிப் பார்த்து, "ஏர்றத ஏன் சார் நிறுத்துறீங்க?" என்றார். கருவாட்டை மறுபடி நினைவுபடுத்தினேன்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் கனடாவின் டொராண்டோவில் 22,858 அட்மிஷன்களை அலசியபோது நரம்புறை உரிந்தவர்கள் 12 பேர்தான், அதிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோடியம் வேகமாக ஏறவே இல்லை. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், சோடியம் 120க்குக் கீழே இருந்தவர்களில் மெதுவாக ஏறியவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். அப்படியென்றால் எட்டு என்ற கோட்டை அழித்துவிடலாமா? எனக்குத் தயக்கம். பிழைக்கப் போகிறவர்களின் சோடியம் தானாகவே சீக்கிரம் ஏறும். ஏற்றியதால் பிழைத்தார்கள் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. குடி, ஊட்டக்குறைவு, பொட்டாசியம் குறைவு, ஈரல் கோளாறு இருந்தால் எட்டுதான். வேறு ஆபத்து இல்லாதவருக்குப் பத்தோ பன்னிரண்டோ ஏறிவிட்டால் பதறமாட்டேன். ஆனால் பயத்தில் 116இலேயே மூன்று நாள் வைத்திருப்பதும் தப்பு என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கொரு தரம் சோடியம் பார்ப்பது என்று எழுதுவது சுலபம். ராத்திரி லேப் மூடிவிடும் சின்ன நர்சிங் ஹோம்கள் நம் பக்கத்தில் எத்தனை! வீட்டார் முன்னால் உள்ள உண்மையான தேர்வு என்.எஸ்.ஸா ஆர்.எல்.லா என்பதில்லை, இங்கேயே வைத்திருப்பதா, நகர்த்துவதா என்பது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ராத்திரி ரெண்டு மணிக்கு சோடியம் ரிசல்ட் எத்தனை நிமிஷத்துல வரும்?" உள்ளேயே ரத்த வாயு மெஷின் இருந்தால் சில நிமிடம். மாதிரியை பைக்கில் வெளி லேபுக்கு அனுப்புவார்கள் என்றால், பிரஷர் கொஞ்சம் நிலைத்ததும் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிடுவது மேல். முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்டபிறகு, நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 108இல். அதற்கு முன்னால் கிளப்பிக்கொண்டு போய் எண்ணூர் சாலை கண்டெய்னர் லாரி வரிசையிலோ கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலோ மாட்டிக்கொண்டால் கையில் எதுவும் இருக்காது. பணம்தான் தடை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

மெஷின் பற்றிய ஒரு பின்குறிப்பு. ரத்த வாயு மெஷின் காட்டும் சோடியமும் லேப் காட்டுவதும் ஒன்றாக இராது. செப்சிஸில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இறங்கிவிடுவதால் லேபின் பெரிய மெஷின்கள் சிலவற்றில் சோடியம் கொஞ்சம் கூடுதலாக வரும். காலையில் ஒன்றிலும் மதியம் இன்னொன்றிலும் பார்த்துவிட்டு "மூணு ஏறிடுச்சு" என்று குதிக்கக் கூடாது. ஒரே மெஷினைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து வென்டிலேட்டர் போட வேண்டியதாயிற்று. எட்டாம் நாள் சோடியம் 156.

இப்போது எங்கள் கைவேலையை எண்ணிப் பார்க்கலாம். பிபராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் ஊசியில் மருந்தோடு சேர்ந்தே சுமார் 10 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. அதைக் கரைத்த 100 மில்லி சலைனில் 15.4. நாளுக்கு நாலு வேளை என்றால் நூறு மில்லிமோல், அதாவது ஆறு கிராம் உப்புக்குச் சமமான சோடியம். ஒரே ஆன்டிபயாடிக்கில். லைனைக் கழுவ சலைன், மற்ற ஊசிகளுக்கு சலைன். நடுவில் அமிலம் கூடியது என்று போட்ட சோடியம் பைகார்பனேட்டில் 25 மில்லி ஆம்பியூலுக்கு 22. நுரையீரல் நீர் வடிய ஃப்யூரோசமைடு கொடுத்தோம். அது உப்பை விடத் தண்ணீரைத்தான் அதிகமாக வெளியேற்றும். ஷாக்குக்காக ஹைட்ரோகார்ட்டிசோன், அதுவும் சோடியத்தைப் பிடித்து வைக்கும். காய்ச்சலில் வியர்வை. பெல்ஜியத்தில் 14,654 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, தினமும் ஏறும் திரவத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படி மருந்து கரைக்கவும் லைன் திறந்திருக்கவும் போனதாம். உயிர் காக்க என்று நாம் நினைத்து ஏற்றியது 6.5 சதவீதம்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம்: வாயில் குழாய் இருப்பவரால் தாகம் என்று சொல்ல முடியாது.

குறைந்த சோடியத்துக்கு இருந்த திண்டாட்டம் இங்கே இல்லை; தேவை தண்ணீர். எந்த வழியில் என்பதுதான் கேள்வி. எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு: 22.5 லிட்டரை 156/140 கழித்தல் ஒன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.6 லிட்டர் பற்றாக்குறை. அன்றன்று வெளியே போவது இதற்கு மேல். மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் நாலு மணிக்கொரு தரம் 200 மில்லி தண்ணீர் என்றால் நாளுக்கு 1.2 லிட்டர். நரம்பில் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் வேகமாகப் போகும், ஆனால் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறி, அதுவே சிறுநீரில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். பாதிச் சலைனில் சோடியம் 77 இருக்கிறது. பிரஷர் இன்னும் தள்ளாடினால் அதற்கு இடமுண்டு, இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீரில் பாதியை நாமே உப்பாக்குகிற வேலை. குடல் வேலை செய்தால், நார்அட்ரினலின் அளவு இறங்கிவிட்டால், ரைல்ஸ் டியூபுக்கு நிகர் எதுவுமில்லை. காசும் இல்லை. அந்த அம்மாவுக்கு அதைத்தான் செய்தோம், டெக்ஸ்ட்ரோஸைக் கைத்தாங்கலாக வைத்துக்கொண்டோம். ஊசிகளைச் சலைனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸில் கரைக்கச் சொன்னோம். பிபராசிலின் அதில் கரையும், நார்அட்ரினலினுக்கு அதுதான் பொருத்தமும்கூட.

வேகம்? நாளுக்கு 10, 12க்கு மேல் இறக்காதே, மூளை வீங்கும் என்று படித்திருக்கிறோம். அந்தப் பயம் பெரும்பாலும் பச்சைக் குழந்தைகளிடம் பார்த்ததிலிருந்து வந்தது. 2019இல் பாஸ்டன் மருத்துவமனைத் தரவில் 449 பெரியவர்களைப் பார்த்தபோது வேகமாக இறங்கியவர்களுக்கு இறப்பு கூடவும் இல்லை, மூளை வீங்கியதாகவும் காணவில்லை. என் அனுபவத்தில் கூடிய சோடியத்தை யாரும் வேகமாக இறக்கிக் கெடுத்ததில்லை. கவனிக்காமல் விட்டுத்தான் கெடுத்திருக்கிறோம். 148 வரும்போதே டியூபில் தண்ணீரைக் கூட்டியிருந்தால் 156 வந்திருக்காது. அதற்கு ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸில் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

மூன்று நாளில் 144. அதற்கு மறுநாள் குழாய் எடுத்தார்கள். தொண்டை கட்டிய குரலில் மோர் கேட்டார். உப்பு போட்டா, போடாமலா என்று மகன் என் முகத்தைப் பார்த்தார். போட்டே கொடுங்கள் என்றேன்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பழைய பிரஷர் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். பெயருக்குப் பின்னால் ஹெச் என்ற எழுத்து ஒட்டியிருந்தது. அந்த ஹெச்தான் ஹைட்ரோகுளோரோதயாசைடு. இனி இது வேண்டாம், வேறு எழுதியிருக்கிறேன், மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி இதையே வாங்கிவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஆறு மாத்திர கீது சார். வீணாப் போவுமே?"

"போவட்டும் தம்பி."